அனுமந்தன்பட்டிக் குலவை அயர்லாந்து போன வழி

அய்யம்மாளுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பிறந்த அன்றைக்கே தொட்டிலை உதைத்து வீட்டு விட்டத்தை ஆட்டி வைத்தவள். அனுமந்தன்பட்டியில் இதை நம்பாதவர் ஒருவர் இருந்தார். அவரும் கம்பத்துக்குக் குடிபோய்விட்டார். அவள் சோறு தின்பது நின்றுகொண்டுதான். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். உட்கார்ந்தால் பஸ் மெதுவாகப் போகிறது என்பது அவள் கட்சி.

வேலை நாற்று நடவு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதும் ஊரில் வயல் வைத்திருப்பவர்கள் முதலில் தேடுவது டிராக்டரை அல்ல, அய்யம்மாளை. தன் கூட்டத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்து நட்டுக் கொடுப்பாள். முதல் நாற்றை ஊன்றும்போது குலவை போடுவதும் அவள்தான். அந்தக் குலவையை நான் கூட்டிச் சொல்கிறேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. குறைத்துத்தான் சொல்கிறேன். அவள் வாய்க்கால் மேட்டில் நின்று நாக்கைச் சுழற்றினால், குமுளி மலைப்பாதையில் ஏலக்காய் ஏற்றி இறங்கும் லாரிக்காரர் பின்னால் ஏதோ வண்டி அவசரமாக வருகிறது என்று ஒதுங்கி வழிவிடுவார். குச்சனூர்க் கோவில் காக்காய்கள் படைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு இந்தப் பக்கம் பறந்து வந்து பார்த்திருக்கின்றன. சுருளி அருவி ஒரு நொடி நின்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி விழும்.

அவள் கணவர் பேச்சிமுத்து நேர்மாறு. அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதைப் பொட்டலம் கட்டினால் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு அளவுகூடத் தேறாது. பெண் பார்க்க வந்தபோது "சரி" என்றார். பிள்ளை பிறந்தபோது "ம்" என்றார். மாடுகளிடம் மட்டும் கொஞ்சம் தாராளம்.

இவர்களுக்கு ஒரே மகள், அபிதா. தேனியில் நர்சிங் படித்து, இப்போது அயர்லாந்தில் கார்க் என்ற ஊரில் ஆஸ்பத்திரி வேலை. அவள் பட்டம் வாங்கிய அன்று கூட்டத்தின் நடுவே எழுந்து அய்யம்மாள் ஒரு குலவை போட்டாள். சிறப்பு விருந்தினர் தீ எச்சரிக்கை மணி என்று நினைத்து, கையில் இருந்த பட்டத்தோடு மேடையைவிட்டு இறங்கிவிட்டார். "மானத்த வாங்கிட்டியேம்மா" என்று அபிதா வீடு வந்து சேரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

அந்த அபிதாவுக்குத்தான் இந்த ஆனியில் கல்யாணம். மாப்பிள்ளை விஜயபாண்டி போடிக்காரப் பையன், அதே கார்க்கில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பேருக்கும் ஊருக்கு வரும் அளவு விடுப்பு இல்லை; அங்கேயே ஒரு மண்டபத்தில் முகூர்த்தம். மாப்பிள்ளையின் அப்பா அம்மாவிடம் பாஸ்போர்ட் இருந்தது, போய்விட்டார்கள். அய்யம்மாளுக்குக் கிடைக்கவில்லை. ஆதாரில் ஒரு பிறந்த வருடம், ரேஷன் அட்டையில் வேறொரு வருடம். அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் முகூர்த்தம் வந்துவிடும் என்று தெரிந்துபோயிற்று. அவள் போகாத ஊருக்குத் தான் மட்டும் போக மாட்டேன் என்பதைப் பேச்சிமுத்து தலையை ஆட்டியே சொல்லிவிட்டார்.

"பரவால்லடி, வீடியோவுல பாத்துக்கிறேன்" என்று அய்யம்மாள் மகளிடம் சொன்னாள்.

"பாத்தா மட்டும் போதாதும்மா. அத்தை வந்துட்டாக, மண்டபம் பிடிச்சாச்சு, மேளத்துக்குக்கூட ஆள் இருக்கு. ஒன் கொலவதான் இல்ல."

"அத்தையப் போடச் சொல்லு."

"அவுகளுக்கு நாக்கு ஆடல. நேத்துப் போட்டுப் பாத்தாக, இருமல் வந்துருச்சு. நீதான் போடணும். தாலி கட்டும்போது ஒன் கொலவ எங்காதுல விழுந்தாத்தான் கழுத்த நீட்டுவேன். இல்லன்னா நிமிந்தேதான் நிப்பேன். அவருகிட்டயும் சொல்லிட்டேன்."

"அடி கூறுகெட்டவளே! முகூர்த்தம் தப்பிரும்டி."

"அப்ப ஒழுங்காப் போடு."

அன்றைக்குப் பிடித்தது அய்யம்மாளுக்கு அந்தப் பரபரப்பு. மகளுக்குத் தன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து நிற்பேன் என்றால் நிற்பாள். எதற்கும் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று, மறுநாள் வாசலில் நின்று போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக் குலவை போட்டாள். எதிர்வீட்டு ஓட்டில் காய்ந்த மிளகாய் வற்றல் சரிந்து தெருவில் விழுந்தது.

திரையில் அபிதா காத்துக்கொண்டிருந்தாள். "போடும்மா."

"போட்டேன்டி!"

"எங்க போட்ட? வாய் தெறக்குது, நாக்கு ஆடுது, சத்தமே வரல. மியூட்ல இருக்கியா?"

"நான் பேசுறது கேக்குதா?"

"பேசுறது நல்லாக் கேக்குது. கொலவ மட்டும் கேக்கல."

மறுபடி போட்டாள். மறுபடி வாய்தான் ஆடியது. தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்த பேச்சிமுத்து நிமிர்ந்து, அந்த வருடத்திலேயே நீளமான வாக்கியத்தைச் சொன்னார்: "இந்த மெசினு நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே வந்திருக்கலாம்."

அய்யம்மாள் போனை இடுப்பில் செருகினாள். செருப்பை மாட்டிக்கொண்டு உத்தமபாளையத்துக்கு நடந்தாள். வழியில் இரண்டு பஸ்கள் அவளை ஏற்றிக்கொள்ளப் பார்த்து, எட்டிப் பிடிக்க முடியாமல் பின்தங்கிவிட்டன.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவள் இவாஞ்சலின். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் சபையின் ஆராதனையை வெளிநாட்டில் இருக்கும் சபையார்க்கு வீடியோவில் அனுப்புவதும் அவள்தான். அதனால் எந்த ஆப்புக்கு என்ன குணம் என்று அவளுக்கு அத்துபடி. அய்யம்மாள் மூச்சுவிடாமல் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, இப்ப வர்ற ஆப்புல எல்லாம் ஒரு வாட்ச்மேன் இருக்கான்னு வச்சுக்கங்க. மனுசப் பேச்ச உள்ள விடுவான். மிக்சி, ஹாரன், நாய்க் கொரப்பு இதையெல்லாம் வாசல்லயே நிறுத்திருவான். ஒங்க கொலவய மிக்சின்னு நெனச்சுட்டான்."

"எது, ஏங்கொலவ மிக்சியா? அவன எங்க இருக்கான்னு காட்டு தாயி."

"ஆளு இல்லக்கா, அது புரோகிராம். சரி, இப்படிச் செய்வமா? இப்பவே ரெக்கார்டு பண்ணி அனுப்பிருவோம். தாலி கட்டும்போது அங்கன போட்டுக்கிடட்டும்."

"செத்தவுக குரலத்தான் ரெக்கார்டுல போடுவாக. நான் உசுரோட நிக்கேன்ல? முடிச்சுப் போடுற கையக் கண்ணால பாத்தா நாக்கு தன்னால எந்திரிக்கும் தாயி. முன்கூட்டியே போட்டு வச்சா அது நேத்து வச்ச கொழம்பு."

"நேத்து வச்ச மீன் கொழம்பு ருசியா இருக்குமேக்கா."

"கொலவைக்கு அந்த நாயம் இல்ல."

ஆக, ஆப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சோதிப்பது என்று முடிவாயிற்று. அவற்றின் கம்பெனிப் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. அய்யம்மாளே எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டாள். நடவுப் பெண்கள் இன்றைக்கும் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள்.

முதலாவது, வழக்கமாக மகளோடு பேசும் ஆப். அதற்கு 'நாத்தனா' என்று பெயர். கூப்பிட்டதும் வரும், குரல் தெளிவு, படம் தெளிவு. ஆனால் நம் வாயிலிருந்து எது வெளியே போகலாம் என்பதை அதுவே தீர்மானிக்கும்.

இரண்டாவது 'மினுக்கி'. அதில் அய்யம்மாளின் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்து, முகச் சுருக்கம் போய், மூக்குத்தியும் பாதி அழிந்து தெரிந்தது. "யாரும்மா அது, நம்ம வீட்டுல?" என்று அபிதா கேட்டாள். குலவை அதில் போய்ச் சேர்ந்தது என்னவோ நிஜம். ஆனால் கிணற்றுக்குள் விழுந்த ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இருந்ததாம். "இதக் கேட்டுக் கழுத்த நீட்டுனா அவரு என்னையப் பலி குடுக்குற மாதிரி இருக்கும்மா" என்றாள்.

மூன்றாவது 'மினி பஸ்'. நாலடிக்கு ஒருதரம் நிற்கும். அய்யம்மாள் குலவை போட்டு முடித்து, வாய் துடைத்து, வெற்றிலை போட்ட பிறகு அங்கே அவள் வாய் திறப்பது தெரிந்தது. அதை நம்பினால் பந்தியில் பாயசம் ஊற்றும்போதுதான் தாலிக்கான குலவை கேட்கும்.

சோதனைகள் வீட்டில் மட்டும் நடக்கவில்லை. அவள்தான் ஓரிடத்தில் நிற்காதவள் ஆயிற்றே. வாய்க்கால் மேட்டில், பஸ் நிறுத்தத்தில், கோவில் வாசலில், தென்னந்தோப்பில் என்று எங்கே டவர் நன்றாக எடுக்கும் என்று தேடி அலைந்தாள். சேற்றில் நின்று நடும்போதே இடுப்பில் செருகிய போனை எடுத்து, கழுவாத கையோடு மகளைக் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் வார்டுக்குள் இருந்த அபிதா, "அம்மா, ஊசி போட்டுட்டிருக்கேன்" என்பாள். "போடு போடு, நான் கொலவ போடுறேன், கேக்குதான்னு மட்டும் சொல்லு" என்பாள் இவள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து இவாஞ்சலினும் ஸ்கூட்டரில் வயலுக்கு வந்தாள், வயல் வெளியில் டவர் எப்படி என்று பார்ப்பதற்காக. நாத்தனாவில் அபிதாவைக் கூப்பிட்டு, அய்யம்மாள் குலவையைத் தொடங்கிய நேரம், செவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு நாற்றங்காலில் இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பேச்சிமுத்து, "ஏ, ஏ! அங்கன எறங்காத! ஏலே, பிடிங்கடா! போற பாரு, போற பாரு!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

"அம்மா! இப்பக் கேட்டுச்சு!" என்றாள் அபிதா. "அப்பா கத்துனாகல்ல, அப்பக் கொஞ்சம் கேட்டுச்சு."

"காத்து வாக்குல வந்திருக்கும்" என்றாள் அய்யம்மாள்.

இவாஞ்சலின் புருவத்தைச் சுருக்கி ஏதோ யோசித்தாள். அதற்குள் பசு அவள் ஸ்கூட்டரை நோக்கி வந்ததால் யோசனையை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

நாலாவதுதான் 'பெரிய வீடு'. அதற்குள் சட்டென்று நுழைய முடியாது. லிங்க் வேண்டும், பாஸ்வேர்டு வேண்டும், பிறகு வாசலில் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் பார்த்துக் கதவைத் திறந்தால்தான் போகலாம். போனில் அங்கேயும் வாட்ச்மேன் இருந்தான். ஆனால் இவாஞ்சலின் தன் லேப்டாப்பில் அதைத் திறந்து, உள்ளே உள்ளே போய் ஓரிடத்தைத் தட்டினாள்.

"சபையில கஞ்சிரா அடிச்சா வெளிநாட்டுல கேக்கலன்னு பாஸ்டர் சடச்சுக்கிட்டாரு. அப்பத் தேடிப் பிடிச்சேன். இங்கன அமுக்குனா வாட்ச்மேனுக்கு லீவு. சத்தம் எப்படி இருக்கோ அப்படியே போகும். போன்ல இந்த வழி இல்லக்கா, லேப்டாப்புல மட்டும்தான். இப்பப் போடுங்க."

அய்யம்மாள் போட்டாள். கார்க் ஆஸ்பத்திரி வார்டில் அபிதாவின் காதில் இருந்த இயர்போன் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அதற்குப் பிறகும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மாதக் கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தா எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்டார் என்று நான் கேள்விப்பட்டேன். அபிதா அப்படி யாரும் இல்லை என்கிறாள். நர்சுகள் நோயாளிகளைப் பற்றி வெளியே சொல்லக் கூடாது அல்லவா?

இத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். அய்யம்மாளால் முடியவில்லை. லேப்டாப்பின் மீது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "கரண்ட் போனா?" என்றாள்.

"பேட்டரி கொஞ்ச நேரம் நிக்கும்க்கா. பழசுதான். ஆனா முகூர்த்த நேரத்துல கரண்ட் எதுக்குப் போகப் போகுது?"

அது ஆனி மாதம். கம்பம் பள்ளத்தாக்கில் ஆனிக் காற்று எப்படி அடிக்கும் என்று தெரிந்த எவரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். போன வருடம் அந்தக் காற்று எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த புடவையை வருசநாட்டு மலையில் கொண்டுபோய்ப் போட்டது. கரைக்குப் பொருத்தமான ரவிக்கைத்துணி கிடைத்திருந்தால் அங்கேயே தைத்தும் கொடுத்திருக்கும்.

கல்யாண நாள் வந்தது. அங்கே காலை முகூர்த்தம் என்றால் இங்கே மத்தியானம். நடவுப் பெண்கள் எல்லோரும் அன்று வேலைக்குப் போகாமல், தலைக்குப் பூ வைத்து அய்யம்மாள் வீட்டில் கூடிவிட்டார்கள். முக்காலியில் இவாஞ்சலின் கொண்டுவந்த லேப்டாப். அதற்குப் பொட்டு வைத்திருந்தார்கள். பட்டுப்புடவை கட்டிய அய்யம்மாள் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். "ஏ மதினி, சித்த ஒக்காரு, தரை தேயுது" என்று ஒருத்தி சொன்னாள். "தேஞ்சா சாணி போட்டு மெழுகிக்கிறேன், நீ ஓஞ்சோலியப் பாரு."

பெரிய வீட்டின் கதவு திறந்தது. திரையில் மண்டபம், மேளம், அபிதா அரக்குப் பட்டில். பக்கத்தில் விஜயபாண்டி குளிரிலும் வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தான். மணமக்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அய்யம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, தொண்டையைச் செருமி, மூச்சை உள்ளே இழுத்தாள்.

வெளியே தென்னை மட்டை ஒன்று 'சடார்' என்று மின்கம்பியில் விழுந்தது. மின்விசிறி நின்றது. இணையப் பெட்டியின் விளக்கு அணைந்தது. லேப்டாப் கொஞ்சம் மங்கி, யோசித்து, அதுவும் கண்ணை மூடிக்கொண்டது.

"பேட்டரி!" என்று அய்யம்மாள் அலறினாள்.

"பழசுன்னு சொன்னேன்லக்கா!"

"சொன்ன வாய்க்கு ஒரு புதுசு வாங்கிட்டு வரக் கூடாதா?"

இவாஞ்சலின் தன் போனில் பெரிய வீட்டைத் தட்டினாள். வாசலில் காத்திருக்கச் சொன்னது. அங்கே எல்லோரும் தாலியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கதவைத் திறக்க யார் இருக்கிறார்கள்? வேறு வழியில்லாமல் அய்யம்மாள் தன் போனில் நாத்தனாவைப் பிடித்தாள். அபிதாவின் போன் மாமியார் கையில் இருந்தது. அந்த அம்மா எடுத்து, மணமேடைக்கு நேராகப் பிடித்தார்.

"சம்மந்தி, சீக்கிரம் போடுங்க, நேரம் போகுது!"

அய்யம்மாள் போட்டாள். நடவுப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து போட்டார்கள். வீடு அதிர்ந்தது. கார்க் மண்டபத்தில் ஒரு சிறு முனகல்கூட இல்லை. திரையில் விஜயபாண்டி தாலியைக் கையில் பிடித்தபடி நிற்க, அபிதா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேரே பார்த்து நின்றாள்.

"ஏத்தா, குனி" என்றார் மாமியார். "ஒங்கம்மா கொலவ போடுறாக, பாரு, வாய் ஆடுதுல்ல?"

"கண்ணுக்கு வேணாம் அத்தை. காதுக்கு வேணும்."

"முகூர்த்தம் முடியப் போகுது" என்று அங்கே ஒரு குரல் கேட்டது. அய்யம்மாளின் கண்ணில் நீர் முட்டியது. அவள் குலவையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மகள் நின்ற கோலம்தான் கண்ணில் நிற்கும் என்பதுபோல் போட்டுக்கொண்டே, கூடத்துக்குள் இங்கும் அங்கும் அலைந்தாள்.

அப்போதுதான் வயலில் விட்டுவிட்டு ஓடிய யோசனை இவாஞ்சலினுக்குத் திரும்பி வந்தது. நிலைக்கதவோரம் நின்ற பேச்சிமுத்துவின் தோளைப் பிடித்துப் போன் முன்னால் தள்ளினாள்.

"அண்ணே, பேசுங்க!"

"என்னத்தப் பேச?"

"எதையாச்சும் பேசுங்க! அன்னைக்கு மாட்ட வெரட்டுனீகல்ல, அப்பத்தான் கொலவ கேட்டுச்சு. மனுசப் பேச்சுக்குத்தான் வாட்ச்மேன் கதவத் தெறப்பான். நீங்க பேசிக்கிட்டே இருந்தா அக்கா கூடவே நுழஞ்சிருவாக. நிறுத்தாமப் பேசுங்க!"

பேச்சிமுத்து போனைப் பார்த்தார். அதில் மகள் தெரிந்தாள். தொண்டையைக் கனைத்தார்.

"ஆத்தா அபிதா..." என்றார். "நாந்தான்... அப்பா பேசுறேன்." அத்தோடு சரக்கு தீர்ந்துபோய் நின்றார். குலவையை விடாமல் அய்யம்மாள் அவர் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

"வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு. நாத்து நட்டாச்சு. செவல கன்னு போட்டுருக்கு, கெடாரிக்கன்னு. அதுக்கு ஒம் பேருதான் வச்சிருக்கு, ஒங்கம்மாவுக்குத் தெரியாது. ஒன் சைக்கிளு... அதுக்கு வாரா வாரம் எண்ண போடுறேன். யாரும் ஓட்டல. சும்மாதான் போடுறேன். துருப்பிடிச்சா நீ வந்து கேப்பேல்ல? அங்கன குளிருன்னு சொல்றாக. ராத்திரி காதுல துணி கட்டிக்கிறியா?"

அபிதாவின் முகத்தில் முதலில் ஆச்சரியம்தான் வந்தது. அப்பா இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. அந்தப் பேச்சுக்கு அடியில் இருந்து மெல்லிய நூலாக ஏதோ எழும்புவதை அவள் கவனித்தாள். அப்பா "காதுல துணி" என்றபோது நூல் கயிறாயிற்று. "மாப்ள நல்ல பையந்தான், எனக்குப் பிடிச்சிருக்கு, சொல்லத்தான் இல்ல" என்று அவர் சொன்னபோது, போனைப் பிடித்திருந்த மாமியாரின் கை அதிர்ந்து படம் ஆடியது. மேளக்காரர் தன்னை மறந்து கோலை நிறுத்தினார்.

அபிதா தலை குனிந்தாள். விஜயபாண்டி மூன்று முடிச்சும் போட்டான்.

கடைசி முடிச்சு விழுந்ததைப் பார்த்துவிட்டு அய்யம்மாள் குலவையை நிறுத்தினாள். பிறகு, பெண்கள் எல்லோரும் பார்க்க, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். காலைக்கூட நீட்டினாள். இந்தக் கதையில் இதை மட்டும் நீங்கள் நம்பாமல் போகலாம், ஆனால் நான் அங்கேதான் இருந்தேன்.

பேச்சிமுத்து மட்டும் நின்றுகொண்டிருந்தார். "...அப்பறம் ஒங்கூடப் படிச்ச புள்ள ஒன்னு, பேரு வரல, அது சின்னமனூர்ல கட்டிக் குடுத்தாகல்ல, அது போன வாரம் பஸ்ஸுல பாத்து ஒன்னய விசாரிச்சுச்சு. தேங்கா இந்த வருசம் நல்ல காப்பு. ஒங்கம்மா ஒக்காந்துட்டா பாரு, ஒக்காந்துட்டா..."

"ஏங்க, போதும்" என்றாள் அய்யம்மாள் கீழிருந்து. "தாலி கட்டியாச்சு. போன வைங்க."

"சித்த இரு புள்ள" என்றார் அவர், போனை இன்னும் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய். "இன்னும் சொல்லி முடிக்கல."